மட்டந்தட்டலும் பாண்டியன் பாத்திரமும்: தரம் 9 வீட்டுவேலை குறித்து விளக்கம் தேவை

வினா: வெள்ளவத்தைத் தாய்

அனைவருக்கும் வணக்கம். எனது மகள் கொழும்பில் தமிழ்மொழி மூலம் தரம் 9 இல் கற்கிறாள். சென்ற வாரம் கணிதக் கொப்பியும் தமிழ்க் கொப்பியும் ஒரே நாளில் திருத்தப்பட்டு வீட்டுக்கு வந்தன. இரண்டிலும் எதிர்பார்த்ததை விடக் குறைவான புள்ளிகளே கிடைத்துள்ளன. புள்ளி குறைந்தது எனக்குப் பெரிய கவலை இல்லை. ஏன் குறைந்தது என்று பிள்ளை கேட்கும்போது என்னால் சரியாக விளக்க முடியவில்லை என்பதுதான் கவலை.

முதலில் கணிதம். ஒரு செவ்வகத் தகட்டின் நீளம் 12.46 சென்ரிமீற்றர், அகலம் 8.74 சென்ரிமீற்றர், அதன் பரப்பளவைக் கிட்டிய முழுவெண்ணில் தருக என்பது வினா. மகள் நீளத்தை 12 எனவும் அகலத்தை 9 எனவும் மட்டந்தட்டி (கிட்டிய எண்ணுக்கு மாற்றி), 12 × 9 = 108 சதுர சென்ரிமீற்றர் என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியர் அதைப் பிழையிட்டு 109 என்று எழுதியுள்ளார். ஆனால் அதற்கு முந்திய பாடத்தில் "பெறுமானத்தை மதிப்பிடுக" என்ற பயிற்சியில் அவள் இதே முறையைத்தான் பின்பற்றினாள். அங்கே எல்லாமே சரி. அடுத்த வினாவில் 7.348 ஐ முதலாம் தசமதானத்திற்கு மட்டந்தட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவள் 7.35 என்று எழுதி, பின்பு 5 இருப்பதால் மேலே கொண்டுபோய் 7.4 என்று முடித்திருக்கிறாள். அதுவும் பிழை. விதியை மீறியதாக எனக்குத் தெரியவில்லை.

தமிழில், சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதைப் பகுதியைப் படித்துவிட்டு, பாண்டியன் நெடுஞ்செழியனின் பாத்திரப் பண்புகளை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குமாறு கேட்டிருக்கிறார்கள். "பாண்டியன் கொடியவன். நீதி தவறியவன். விசாரிக்காமல் கோவலனைக் கொன்றவன். இறுதியில் தன் பிழையை உணர்ந்து இறந்தான். ஆகவே நல்லவன்" என்பது மகளின் விடை. அதன் கீழே "முரண், சான்று இல்லை" என்று மட்டும் குறிப்பு இருக்கிறது. கொடியவனா நல்லவனா என்று அவள் என்னைக் கேட்கிறாள். தெரிந்தவர்கள் தயவுசெய்து விளக்கி உதவுங்கள்.

பதில்: கணித ஆசிரியர், கொட்டாஞ்சேனை

வணக்கம் அம்மா. இரண்டு கணக்குகளிலும் ஆசிரியர் திருத்தியது சரிதான். ஆனால் ஏன் பிழை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். வெறும் பிழைக்குறியைப் பார்த்துப் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

இலகுவானதை முதலில் சொல்கிறேன். 7.348 ஐ முதலாம் தசமதானத்திற்கு மட்டந்தட்டும்போது நாம் பார்க்க வேண்டியது இரண்டாம் தசமதானத்திலுள்ள இலக்கத்தை மட்டுமே. அங்கே இருப்பது 4. அது 5 ஐ விடக் குறைவு என்பதால் விடை 7.3. மகள் கடைசியிலிருந்த 8 இல் தொடங்கி ஒவ்வொரு இலக்கமாக இடப்பக்கம் நகர்ந்திருக்கிறாள். 8 ஆனது 4 ஐ 5 ஆக்கியது, அந்த 5 ஆனது 3 ஐ 4 ஆக்கியது. இப்படி இரண்டு தடவை மட்டந்தட்டும்போது முதல் தடவை ஏற்பட்ட வழு இரண்டாவது தடவையில் பெருகிவிடுகிறது. ஓர் எண்கோட்டை வரைந்து 7.3, 7.35, 7.4 ஆகியவற்றைக் குறித்து, 7.348 எங்கே விழுகிறது என்று அவளையே காட்டச் சொல்லுங்கள். நடுப்புள்ளியான 7.35 ஐ அது எட்டவில்லை என்பது கண்ணுக்கே தெரியும். "கிட்டிய" என்று வினாத்தாள்களில் கேட்பதற்கு அதுதான் பொருள். ஐந்து வந்தால் கூட்டு என்ற விதி அந்தக் கிட்டிய பெறுமானத்தைக் கண்டுபிடிக்க உதவும் குறுக்குவழி மட்டுமே.

தகட்டின் கணக்கு இதை விடச் சுவையானது. 12.46 × 8.74 = 108.9004. இதைக் கிட்டிய முழுவெண்ணுக்கு மட்டந்தட்டினால் 109. அளவீடுகளை முதலே 12, 9 என்று மாற்றிவிட்டால், நீளத்தில் 0.46 ஐ விட்டுவிடுகிறோம், அகலத்தில் 0.26 ஐச் சேர்த்துவிடுகிறோம். பெருக்கும்போது அந்த வழுக்கள் ஒன்றையொன்று முழுமையாகச் சமன் செய்யும் என்று எவரும் உறுதி கூற முடியாது. இங்கே ஒரு சதுர சென்ரிமீற்றர் பிந்திவிட்டது. எண்கள் பெரிதாக இருந்தால் இடைவெளியும் பெரிதாகும்.

முந்திய பாடத்தில் ஏன் சரியானது என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே கேட்கப்பட்டது மதிப்பீடு. பெருக்கிப் பார்க்காமலே விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று சொல்வதற்காகவே அதில் எண்களை முன்கூட்டியே எளிமையாக்குகிறோம். அந்த வேலைக்கு 108 மிக நல்ல விடை. பெருக்கலில் தசமப் புள்ளியை இடம் மாற்றிவிட்டு 1089 என்று எழுதிய பிள்ளைக்குத் தன் பிழையைக் கண்டுபிடித்துக் கொடுப்பதும் அந்த 108 தான். ஆகவே வினா எதைக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். "மதிப்பிடுக" என்றால் முதலில் மட்டந்தட்டிப் பின்பு கணிக்கலாம். "கிட்டிய முழுவெண்ணில் தருக" என்றால் கணித்து முடித்து, இறுதி விடையை ஒரேயொரு தடவை மட்டந்தட்ட வேண்டும்.

இன்னொன்றையும் அவளுக்குக் காட்டலாம். பாடப்புத்தக எல்லையைச் சற்றுத் தாண்டினாலும் தரம் 9 பிள்ளைக்கு விளங்கும். 12.46 என்ற அளவீடு சாதாரண அடிமட்டத்தால் எடுத்ததாக இருக்க முடியாது. அடிமட்டத்தில் மிகச் சிறிய பிரிவு ஒரு மில்லிமீற்றர், அதாவது 0.1 சென்ரிமீற்றர். இரண்டாம் தசமதானம் வரை வாசிக்க வேணியர் இடுக்கிமானி போன்ற ஒரு கருவி வேண்டும். அப்படி அளந்தாலும் உண்மையான நீளம் 12.455 இற்கும் 12.465 இற்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்றுதான் நமக்குத் தெரியும்; அகலமும் அவ்வாறே 8.735 இற்கும் 8.745 இற்கும் இடையில் இருக்கிறது. சிறிய பெறுமானங்களைப் பெருக்கினால் பரப்பளவு ஏறத்தாழ 108.79, பெரியவற்றைப் பெருக்கினால் ஏறத்தாழ 109.01. ஆகவே 108.9004 என்ற விடையின் கடைசி இலக்கங்களை நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் இரண்டு எல்லைகளையும் மட்டந்தட்டினால் 109 தான் வருகிறது. விடையை முழுவெண்ணில் கேட்டதற்கு இதுவே நியாயம். கல்குலேற்றர் காட்டும் எல்லா இலக்கங்களையும் பிரதி பண்ணுவதைத் துல்லியம் என்று நினைக்கும் பழக்கம் உயர்தர மாணவர்களிடம்கூட இருக்கிறது.

பதில்: ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை, தெகிவளை

வணக்கம். கணக்கைப் பற்றி ஆசிரியர் சொல்லிவிட்டார். நான் பாண்டியனைப் பற்றி எழுதுகிறேன். மகளின் இரண்டு கொப்பிகளிலும் ஒரே அவசரம்தான் தெரிகிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

கொடியவனா நல்லவனா என்ற கேள்வியையே முதலில் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். பாத்திரப் பண்பு என்று கேட்டால், அந்தப் பாத்திரம் என்ன செய்தது, என்ன பேசியது, மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொன்னார்கள், கதை சொல்லும் புலவர் எந்தச் சொல்லால் அதைக் குறித்தார் என்ற நான்கு இடங்களில் தேட வேண்டும். பாண்டியனைப் பொறுத்தவரை நான்கு இடங்களிலும் தாராளமாகச் சான்று கிடைக்கிறது. "விசாரிக்காமல் கொன்றவன்" என்று அவள் எழுதியது பிழையில்லை. எந்த வரியிலிருந்து அதைக் கண்டுகொண்டாள் என்று எழுதவில்லை, அவ்வளவுதான்.

கொலை உத்தரவு வரும் இடம் வழக்குரை காதை அன்று. அதற்கு முந்திய கொலைக்களக் காதை. பள்ளிப் பகுதியில் அது இல்லாவிட்டாலும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். ஆடல் மகளிரின் கூத்தைக் கண்டு மன்னன் மனம் வைத்தான் என்று ஊடல் கொண்ட கோப்பெருந்தேவி, தலைநோய் என்று காரணம் சொல்லி அகன்றுவிடுகிறாள். அவளைத் தணிப்பதற்காக அவன் அந்தப்புரம் நோக்கிப் போய்க்கொண்டிருக்கிற வேளையில், அரசியின் சிலம்பைத் தானே திருடி வைத்திருக்கும் பொற்கொல்லன் எதிரே வந்து, கள்வன் அகப்பட்டான் என்கிறான். மன்னனின் மனம் வேறெங்கோ இருக்கிறது. சிலம்பு கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டு வாருங்கள் என்று காவலரிடம் சொல்லிவிடுகிறான். இருக்குமாயின் என்ற அந்த நிபந்தனையைக் கவனியுங்கள். சிலம்பு கையில் இருந்தால் மட்டும் போதும், அது யாருடைய சிலம்பு என்று பார்க்க வேண்டும் என அவனுக்குத் தோன்றவில்லை. ஆராயாதவனாகி என்ற பொருளில் "தேரானாகி" என்று இளங்கோவடிகள் அந்த இடத்தில் எழுதுகிறார். பின்னர் கண்ணகி அவைக்கு வந்து அவனை விளிக்கும்போது "தேரா மன்னா" என்கிறாள். கதை சொல்பவரும் கண்ணகியும் ஒரே குற்றத்தைத்தான் சுமத்துகிறார்கள்: ஆராயாமை. கொடுமை என்று இருவரும் சொல்லவில்லை. மகள் "கொடியவன்" என்று எழுதியதற்குச் சான்று இல்லாமல் போனது இதனால்தான்.

இனி வழக்குரை காதை. கண்ணகி குற்றம் சாட்டியதும் பாண்டியன் "கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று" என்கிறான். கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது என்பது அன்றைய அரசநீதி. தான் செய்தது சட்டப்படி சரியென்று அவன் உண்மையாகவே நம்புகிறான். அடுத்து, தன் சிலம்பின் பரல், அதாவது உள்ளே இட்ட மணி, மாணிக்கம் என்று கண்ணகி சொல்கிறாள். இங்கேதான் ஒரு பாத்திரம் திறந்து கொள்கிறது. அவன் நினைத்திருந்தால் அவளை வெளியேற்றியிருக்கலாம், பேச்சை வேறு பக்கம் திருப்பியிருக்கலாம். ஆனால் அவள் சொன்னது நல்ல மொழி என்று ஏற்றுக்கொண்டு, "யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே" (எம் சிலம்பின் பரல் முத்து) என்று தன் பக்கத்து உண்மையைத் தானே முன்கூட்டிச் சொல்லி, கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பைக் கொண்டுவரச் செய்து அவள் முன்னே வைக்கிறான். தன்னைக் குற்றவாளியாக்கக்கூடிய சோதனையைத் தானே ஏற்பாடு செய்து கொடுப்பவன் நீதியை மதியாதவன் அல்லன். சிலம்பு உடைகிறது, மணி அவன் வாய்முதல் தெறிக்கிறது. அப்போது அவன் பொற்கொல்லனைத் தேடி ஆள் அனுப்பவில்லை, காவலர் மீது பழி போடவில்லை. "யானோ அரசன் யானே கள்வன்" என்கிறான். கள்வன் என்று எவரைச் சொல்லிக் கொன்றானோ அந்தப் பெயரைத் தனக்கே சூட்டிக்கொண்டு, "கெடுக என் ஆயுள்" என்று வீழ்கிறான்.

ஆகவே விடையை இப்படிக் கட்டலாம். ஆராயாமல் தீர்ப்பளித்தமை அவனது குறை. அதற்குக் கண்ணகியின் விளி சான்று. நீதியில் நம்பிக்கை உடையவன். அதற்குச் சிலம்பை முன்வைத்த செயல் சான்று. தன் தவறை எவர் மீதும் சுமத்தாமல் ஏற்பவன். அதற்கு அவனது இறுதிச் சொற்கள் சான்று. "கொடியவன், ஆகவே நல்லவன்" என்பதில் இருந்த முரண் இங்கே இல்லை, ஏனெனில் ஒரே மனிதன் ஒரு வேளையில் அசட்டையாகவும் இன்னொரு வேளையில் நேர்மையாகவும் நடந்துகொள்ள முடியும். மேற்கோள் பிழையாக எழுதிவிடுவோமோ என்று பயந்தால், வரியை விட்டுவிட்டு நிகழ்ச்சியைத் தன் சொற்களில் எழுதட்டும். பிழையான மேற்கோளை விடச் சரியான நிகழ்ச்சிக்குப் பரீட்சகர் மதிப்புக் கொடுப்பார்.

பதில்: மட்டக்களப்பார், தற்போது கொழும்பில்

ஆசிரியை அம்மா எழுதியதுடன் ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது "கண்ணகி வழக்குரை" பாடப்படும். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குக் கதை வேறு வடிவத்தில் மனத்தில் பதிந்திருக்கும். கண்ணகி மாங்கனியிலிருந்து பிறந்தாள் என்ற செய்தி இளங்கோவடிகளின் காப்பியத்தில் இல்லை, அந்த மரபில் இருக்கிறது. சிங்கள மக்களின் பத்தினித் தெய்வ மரபிலும் மாங்கனிப் பிறப்பு உண்டு. அம்மனை வணங்கும் வீட்டுப் பிள்ளைக்குப் பாண்டியன் பகைவனாகவே தெரிவான். அது பக்தியில் சரி. ஆனால் பரீட்சையில் கேட்கப்படுவது பாடப்பகுதியிலுள்ள பாண்டியன். இரண்டையும் கலந்து எழுதினால் புள்ளி போகும்.

காப்பியத்தின் இறுதிக்கு முந்திய காதையான வாழ்த்துக் காதையில், தெய்வமாகிவிட்ட கண்ணகியே "தென்னவன் தீதிலன்" என்று கூறி, நான் அவன் மகள் என்றும் சொல்கிறாள். மதுரையை எரித்தவளே அவனைக் குற்றமற்றவன் என்கிறாள். உயர்ந்த புள்ளி எடுக்க விரும்பும் பிள்ளை இந்த ஓரிடத்தைச் சேர்த்தால் விடை தனித்துத் தெரியும்.

பதில்: கட்டட அளவீட்டுத் தொழிலில் உள்ளவர், பம்பலப்பிட்டி

மட்டந்தட்டல் பற்றி ஆசிரியர் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் "கிட்டிய" என்ற விதி எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் பிள்ளைக்கு இப்போதே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் வசனக் கணக்குகளில் பலர் அங்கேதான் சறுக்குகிறார்கள். ஒரு வேலைக்கு 17.2 பை சீமெந்து தேவை என்று கணக்கு வந்தால் கிட்டிய முழுவெண் 17. ஆனால் 17 பை வாங்கினால் வேலை முடியாது, 18 வாங்க வேண்டும். எங்கள் மாடிக் கட்டடத்தின் மின்தூக்கியினுள் 800 கிலோகிராம், 10 பேர் என்று எழுதிய தகடு இருக்கிறது. ஒருவருக்கு 75 கிலோகிராம் என்று வைத்து வகுத்தால் 10.67 வருகிறது. கிட்டிய முழுவெண் 11. அந்தப் பதினோராவது ஆளை ஏற்ற எவரும் சம்மதிக்க மாட்டார்கள். இத்தகைய வினாக்களில் வகுத்து வந்த எண்ணை விட, வினா எதைப் பற்றியது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

சரியாக நடுவில் விழும் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. மகாவலி கங்கையின் நீளம் 335 கிலோமீற்றர். கிட்டிய பத்துக்கு மட்டந்தட்டினால் பாடசாலை விதிப்படி 340. 330 உம் 340 உம் சம தூரத்தில் இருந்தாலும் மேலே போவதென்பது ஓர் உடன்பாடு. பைதன் போன்ற கணினி மொழியில் 2.5 ஐ மட்டந்தட்டச் சொன்னால் 3 வராது, 2 வரும். நடுவில் விழுவதை இரட்டை எண்ணின் பக்கம் தள்ளுவது அங்குள்ள உடன்பாடு. மகள் கணினி வகுப்புக்குப் போகிறவளாக இருந்தால் ஒருநாள் இதைக் கண்டு குழம்புவாள். பரீட்சைக்குப் பாடசாலை விதியே போதும்.

வெள்ளவத்தைத் தாய்

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு எண்கோடு வரைந்து காட்டச் சொன்னேன், 7.348 இன் சிக்கல் உடனே விளங்கிவிட்டது. பாண்டியனுக்கும் புதிய விடை எழுதிக்கொண்டிருக்கிறாள், "ஆராயாதவன்" என்ற சொல்லில் தொடங்கியிருக்கிறாள். கணித ஆசிரியரிடம் இன்னும் ஒரு சந்தேகம். 9.96 ஐ முதலாம் தசமதானத்திற்கு மட்டந்தட்டினால் 10 என்று எழுதலாமா, 10.0 என்று எழுத வேண்டுமா? பூச்சியத்துக்குப் பெறுமதி இல்லைத்தானே என்று அவள் வாதாடுகிறாள்.

கணித ஆசிரியர், கொட்டாஞ்சேனை

10.0 என்றே எழுத வேண்டும். வெறும் எண்ணாகப் பார்த்தால் இரண்டும் சமம்தான். அளவீடாகப் பார்த்தால் சமம் அல்ல. 10 சென்ரிமீற்றர் என்று எழுதினால் உண்மையான நீளம் 9.5 இற்கும் 10.5 இற்கும் இடையில் இருக்கலாம். 10.0 என்று எழுதினால் 9.95 இற்கும் 10.05 இற்கும் இடையில் இருக்கிறது என்று உறுதி தருகிறீர்கள். அந்தப் பூச்சியம் எவ்வளவு நுணுக்கமாக அளந்தோம் என்பதைச் சொல்லும் இலக்கம்.

முழுவெண்களில் இந்த வசதி இல்லை. எவரெஸ்ற் சிகரத்தின் உயரம் 1856 ஆம் ஆண்டு 29,002 அடி என்று அறிவிக்கப்பட்டது. கணக்கு மிகச் சரியாக 29,000 என்றே வந்ததாகவும், அப்படியே எழுதினால் கிட்டிய ஆயிரத்துக்கு மட்டந்தட்டிய எண் என்று உலகம் நினைத்துவிடும் என்பதற்காக இரண்டு அடியைக் கூட்டியதாகவும் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியிருந்தாலும், 29,000 என்று மட்டும் பார்ப்பவருக்கு அது கிட்டிய அடிக்கா, கிட்டிய ஆயிரத்துக்கா என்று தெரிய வழியில்லை. அதனால் முழுவெண் விடைகளில் "கிட்டிய பத்துக்கு", "கிட்டிய நூறுக்கு" என்று விடையின் பக்கத்தில் எழுதும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திவிடுங்கள். அலகையும் மறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தகட்டுக் கணக்கில் அவள் சதுர சென்ரிமீற்றர் என்று சரியாகவே எழுதியிருக்கிறாள்.